கொல்லிமலையில் உண்ணிச்செடி: பூச்சியால் ஆவதும் கையால் ஆகவேண்டியதும்

நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. சமவெளியிலிருந்து செங்குத்தாய் எழுந்து, மேலே மேடும் பள்ளமுமான பீடபூமியாய் விரிந்திருக்கிறது. அதன் பரப்பு சுமார் 280 சதுர கிலோமீட்டர். கடல்மட்டத்திற்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரமுள்ள இப்பீடபூமியில் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு முதலான பல நாடுகளாய்ப் பிரிந்து மலையாளி குடிகள் வெகுகாலமாய்ப் பயிர் செய்து வருகின்றனர். பள்ளத்து வயல்களில் நெல்லும், மேட்டுக் கொல்லைகளில் சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு ஆகிய தானியங்களும், தோட்டங்களில் பலா, வாழை, அன்னாசி, மிளகு, காப்பி ஆகியனவும் விளையும். சாமையில் மட்டும் வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலசாமை, மல்லியச்சாமை எனப் பல வகைகளை இம்மலையார் பாதுகாத்து வந்திருக்கின்றனர்.

இத்தகைய நிலத்திற்கு நேர்ந்துள்ள கேடுகளுள் முக்கியமானது உண்ணிச்செடியின் பெருக்கம். சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாய்ச் சிறு பூக்கள் கொத்தாய்ப் பூத்து, பிறகு கறுத்த சிறு பழங்களைத் தாங்கும் இச்செடியை அறியாதவர் இரார். சாலையோரத்தில் ஒன்றிரண்டாய் நிற்கும்போது அழகாய்த் தோன்றும் இது, உழவின்றிக் கிடக்கும் கொல்லையில் புகுந்துவிட்டால், சில ஆண்டுகளில் ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்து கிளையோடு கிளை பின்னிக்கொண்டு, மாடும் மனிதரும் நுழையமுடியாத புதராகிவிடும். அதன் அடியில் புல் முளையாது. மேய்ச்சல் குறையும். எல்லைக் கற்கள் மறையும். காட்டுப்பன்றிக்கு அது நல்ல ஒதுங்குமிடமாகி, பக்கத்துப் பயிருக்கும் சேதம் உண்டாகும். அடங்கலில் தரிசு என்று எழுதப்பட்ட நிலம், சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில், தரிசாகவும் இராமல் காடாகவும் இராமல் ஒன்றுக்கும் உதவாததாகிவிடுகிறது.

இது ஏன் கொல்லிமலையில் இவ்வளவு எளிதாய்ப் பரவிற்று என்பதைக் கவனிக்கவேண்டும். முற்காலத்தில் ஆண்டுதோறும் சாமையும் தினையும் விதைத்து வந்த மேட்டுக் கொல்லைகள் பல, கீழ்நாட்டு ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு விற்கத் தொடங்கிய பின்னர் மரவள்ளிக்கு மாறின. மரவள்ளி ஏறக்குறைய பத்து மாதம் நிலத்தில் இருந்து, பிடுங்கும்போது சரிவிலுள்ள மண்ணைக் கிளறிவிடுகிறது. மேல்மண் மழையில் கரைந்து வளம் குன்றிய கொல்லைகள் கைவிடப்படுகின்றன. கூலி வேலைக்குக் குடும்பத்தோடு கீழே இறங்குவோரின் நிலமும் அவ்வாறே வெறுமையாய் நிற்கிறது. இப்படிக் காலியான இடத்தையே உண்ணிச்செடி பற்றிக்கொள்ளுகிறது. நன்றாய் விளையும் வயலுக்குள்ளோ, இருண்ட சோலைக்காட்டுக்குள்ளோ அது எளிதில் புகுவதில்லை.

இத்தொல்லையைப் பற்றிப் பேசுமிடத்து, “பூச்சியை விட்டு இதை ஒழிக்கக்கூடாதா?” என்று கேட்போர் பலர். சப்பாத்திக்கள்ளி பூச்சியால் அழிந்த கதையைத் தங்கள் பெரியோரிடம் கேட்டவர்கள் இக்கேள்வியைக் கேட்பது நியாயமே. ஆகவே அக்கதையையும், உண்ணிச்செடி விஷயத்தில் நடந்ததையும் ஒருங்கே அறிந்துகொள்ளுதல் நலம்.

சப்பாத்திக்கள்ளி அழிந்த வரலாறு

கள்ளியின்மேல் வாழும் ஒருவகைப் பூச்சியை உலர்த்தி அரைத்தால் நல்ல சிவப்புச் சாயம் கிடைக்கும். அமெரிக்க நாடுகளில் இச்சாயத்தால் ஸ்பெயின் தேசத்தார் பெரும்பொருள் ஈட்டினர். அவ்வியாபாரத்தை இந்தியாவிலும் நடத்தவேண்டுமென்று கருதிய கிழக்கிந்தியக் கம்பெனியார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கள்ளிகளையும் பூச்சியையும் வரவழைக்க முயன்றனர். மதராஸில் மருத்துவ அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் ஒன்றை வளர்த்தார். 1795ஆம் ஆண்டில் நீல்சன் என்னும் தளபதி பிரேஸில் தேசத்து ரியோ டி ஜனீரோவிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவிற்குக் கொண்டுவந்தார். ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் பூச்சி அன்று. அதற்கு உறவான மட்டரகப் பூச்சியே வந்தது. சாய வியாபாரம் படுத்துவிட்டது. கள்ளி மட்டும் நிலைத்தது.

எனினும் அம்மட்டரகப் பூச்சியால் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. மெல்லிய மடல்களும் தனித்த முள்ளும் உடைய ஒருவகைக் கள்ளியை அது அழித்துவந்ததைக் கண்டவர்கள், 1836 முதல் 1838 வரையில் அதைத் தென்னிந்தியாவிற்குக் கொணர்ந்தனர். அக்கள்ளி வெகுவாய்க் குறைந்தது. பின்னர் 1860களில் இலங்கைக்கும் அப்பூச்சி அனுப்பப்பட்டது. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் களையை அழிக்கவென்றே பூச்சியைக் கொண்டுபோன முதல் காரியங்களில் ஒன்றாக இதை அறிஞர் குறிப்பிடுகின்றனர்.

ஆயினும் தமிழ்நாட்டின் வறண்ட கரிசல் காடுகளிலும் கடலோரங்களிலும் நிறைந்திருந்த சப்பாத்திக்கள்ளி, அதாவது நாகதாளி, வேறு இனம். அதை இப்பூச்சி தொடவே இல்லை. வேலியாய் வைத்த கள்ளி வேலியைக் கடந்து நிலத்தில் இறங்கிற்று. அதைச் சீவினால் துண்டு ஒவ்வொன்றும் வேர்விட்டது. புதைத்தாலும் பொசுக்கினாலும் செலவு நிலத்தின் விலைக்கு மிஞ்சிற்று. இந்நிலையில் சப்பாத்திக்கள்ளியையே தின்னும் வேறொரு சாயப்பூச்சி 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்டு விடப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர் நிலத்தில் கள்ளி அடங்கிவிட்டதாய்க் கணக்கிடப்பட்டிருக்கிறது.

அப்பூச்சி வேலை செய்த விதம் எளியது. பெண்பூச்சி மடலின்மேல் ஓரிடத்தில் ஊன்றிக்கொண்டு, வெள்ளைப் பஞ்சு போன்ற மெழுகால் தன்னை மூடி, சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதன் குஞ்சுகள் ஊர்ந்தும் காற்றில் மிதந்தும் அடுத்த மடலுக்குச் செல்லும். மடல் மஞ்சளித்து அழுகி விழும். பூச்சி பிடித்த மடல் ஒன்றைக் கொண்டுபோய்ப் புதிய புதரின்மேல் சாத்திவைப்பதே அதைப் பரப்பும் முறை. இதற்குக் கருவியோ மருந்தோ வேண்டியதில்லை.

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவிலும் இதனினும் பெரிய வெற்றி கிட்டிற்று. அர்ஜென்டினாவிலிருந்து 1925ஆம் ஆண்டில் கொண்டுவந்த ஒரு விட்டிலின் புழுக்கள், அங்கே கோடிக்கணக்கான ஏக்கரில் மண்டியிருந்த கள்ளியைச் சில ஆண்டுகளில் தின்று தீர்த்தன. குவீன்ஸ்லாந்தில் உள்ள பூனார்கா என்னும் ஊரார் அவ்விட்டிலின் பெயரால் 1936ஆம் ஆண்டில் ஒரு பொதுமண்டபமும் கட்டினர்.

உண்ணிச்செடிக்கு வந்த பூச்சிகள்

உண்ணிச்செடியும் அமெரிக்க நாட்டதே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாய்க் கல்கத்தா தாவரத் தோட்டத்திற்கு வந்து, பின்னர் பங்களாத் தோட்டங்களின் வழியாய் மலைகளிலெல்லாம் பரவிற்று. இதை அழிக்கப் பூச்சி தேடும் வேலை கள்ளிக்கு விட்ட 1926ஆம் ஆண்டின் பூச்சிக்கும் முந்தியது. 1902ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளுக்காக ஆல்பர்ட் கோபெல் என்னும் பூச்சியியல் நிபுணர் மெக்ஸிகோவில் தேடிப் பல பூச்சிகளை அனுப்பினார். இந்தியாவில் ஒய். ராமச்சந்திர ராவ் இச்செடியின்மேல் இயல்பாய் வாழும் பூச்சிகளை ஆராய்ந்து 1920ஆம் ஆண்டில் ஒரு நீண்ட அறிக்கையை வெளியிட்டார். இங்குள்ள பூச்சிகளுள் எதுவும் செடியை அடக்கத்தக்கதன்று என்பதே அவர் கண்ட முடிவு.

1921ஆம் ஆண்டில் ஹவாயிலிருந்து பழ ஈ ஒன்று வரவழைக்கப்பட்டது. அதன் புழு பழத்தின் சதையைத் தின்னும். ஆயினும் விதைகளுள் பெரும்பகுதி முளைக்கும் திறனை இழக்கவில்லை. 1941ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வலைபோன்ற சிறகுடைய சிறு நாவாய்ப்பூச்சி ஒன்று டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தது. சோதனையில் அது தேக்கின் பூவையும் தின்னக் கண்டு, வளர்த்தவற்றை அழித்துவிட்டனர். எனினும் சில தப்பிப் பின்னர் வெளியிலும் பெருகின. இன்று பல இடங்களில் கோடையில் உண்ணிச்செடியின் இலைகள் வெளுத்து உதிர்வதற்கு இப்பூச்சியும் ஒரு காரணம். ஆனால் மழை பெய்ததும் செடி அடியிலிருந்து மீண்டும் தழைக்கிறது. உலகெங்கும் 40க்கு மேற்பட்ட பூச்சி வகைகளையும் பூஞ்சண வகைகளையும் இச்செடிக்கென விட்டுப் பார்த்திருக்கின்றனர். சில தீவுகளில் சிறிது பயன் கண்டதன்றி, எங்கும் இது கள்ளியைப்போல் அழிந்ததில்லை.

இவ்வேறுபாட்டின் காரணம்

கள்ளிக்கு ஆகிய காரியம் உண்ணிச்செடிக்கு ஏன் ஆகவில்லை என்பதற்கு நான்கு காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, சப்பாத்திக்கள்ளி ஒரே இனம். பெரும்பாலும் மடல் ஒடிந்து விழுந்தே பெருகியது. ஆதலால் ஒரு புதருக்கு உகந்த பூச்சி எல்லாப் புதருக்கும் உகந்தது. உண்ணிச்செடியோ ஐரோப்பியத் தோட்டக்காரர் பல இனங்களைக் கலந்து உண்டாக்கிய கலப்பு. மெக்ஸிகோவில் ஒருவகையில் வாழும் பூச்சி, இங்குள்ள வேறு நிறப் பூச்செடியை விரும்பாமற் போகிறது.

இரண்டாவது, கள்ளியின் மடலில் வருஷம் முழுதும் சாறு உண்டு. உண்ணிச்செடி வறட்சியில் இலையை உதிர்த்துவிடும். அப்போது இலைதின்னும் பூச்சி பட்டினியால் மடிகிறது. மழை வந்து செடி தழைக்கும்போது அதைத் தின்னப் போதிய பூச்சி மிஞ்சியிருப்பதில்லை.

மூன்றாவது, உண்ணிச்செடியின் பலம் அடித்தண்டும் வேரும் கூடுமிடத்தில் இருக்கிறது. மேலே எவ்வளவு தின்றாலும் அங்கிருந்து புதுக்கிளை எழும். கள்ளிக்கு அவ்விதச் சேமிப்பு இல்லை.

நான்காவது, புதிதாய் வந்த பூச்சிக்கு இங்குள்ள குளவிகளும் எறும்புகளும் எதிரிகளாகின்றன. மெழுகுப் பஞ்சால் மூடிக்கொண்ட கள்ளிப்பூச்சிக்கு ஏற்பட்ட அளவு பாதுகாப்பு மற்றவைக்கு இல்லை.

இவற்றிலிருந்து அறியவேண்டியது, பூச்சி ஒரு செடியோடு மட்டும் உறவுடையது என்பதே. அவ்வுறவு நெருங்கியதாயிருந்தால் வேலை நடக்கும். மற்றப் பயிருக்கும் பயமில்லை. உறவு தளர்ந்ததாயிருந்தால் வேலையும் நடவாது, பயமும் உண்டு. மேற்சொன்ன நாவாய்ப்பூச்சி ஆப்பிரிக்காவில் உகாண்டா தேசத்தில் 1960களில் எள் பயிரையும் தாக்கிற்று. ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற கள்ளி விட்டில், வேறு வழியாய்ப் பரவி 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ப்ளோரிடாவை அடைந்து, அங்கே காக்கவேண்டிய சுதேசக் கள்ளிகளைத் தின்னத் தொடங்கிற்று. ஆகவே எவரும் தாமாக ஒரு பூச்சியை அயலிடத்திலிருந்து தருவித்து விடலாகாது. வெளிநாட்டுப் பூச்சியை மத்திய அரசின் அனுமதி பெற்றே தருவிக்க இயலும். பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில், அடைத்துவைத்து, நம் நாட்டுப் பயிர்களின்மேல் சோதித்த பிறகே வெளியே விடப்படும்.

பூச்சி துணைசெய்யும் களை

பூச்சியால் ஒன்றும் ஆகாது என்று இதனால் கொள்ளவேண்டாம். பார்த்தீனியம் என்னும் களை 1950களின் நடுவில் பூனாவில் முதலில் கவனிக்கப்பட்டு, சாலைகள் வழியாய் எங்கும் பரவிற்று. தொட்டவர்க்கு அரிப்பும், அதன் மகரந்தத்தால் மூச்சிழைப்பும் உண்டாகும். இதற்கென மெக்ஸிகோவிலிருந்து ஒரு வண்டு 1983ஆம் ஆண்டில் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டு, 1984ஆம் ஆண்டில் விடப்பட்டது. வெண்மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடுகள் நெடுக ஓடும் இவ்வண்டும், அதன் மஞ்சள் புழுவும் மழைக்காலத்தில் இலைகளை முழுதும் தின்று செடியை மொட்டையாக்கும். சூரியகாந்தியில் சில இடங்களில் இது காணப்பட்டதால் விவசாயிகளிடையே ஒருகாலத்தில் பெரிய அச்சம் ஏற்பட்டது. ஆராய்ந்து பார்த்ததில், சூரியகாந்தியில் அது பெருகிக் கெடுதல் செய்வதில்லை என்று தெளிந்தது.

வறட்சியில் வண்டு மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். ஆதலால் மழைக்கு முன்னும் பின்னும் முளைக்கும் செடிகளைப் பூக்குமுன் கையுறை அணிந்து பிடுங்குவது அவசியம். வண்டு நிறைந்துள்ள இடத்தைக் கண்டால் அங்கே மருந்து தெளிக்காமல், சிலவற்றைப் பிடித்து வண்டு இல்லாத பார்த்தீனியத்தின்மேல் விடலாம். ஏற்கெனவே நாட்டில் பரவிய வண்டாதலால் இதில் தடையில்லை.

உண்ணிச்செடியைக் கையால் ஒழிக்கும் முறை

உண்ணிச்செடிக்கு இன்றுள்ள நிலையில் கைவேலையே கதி. அவ்வேலையைச் செய்யும் வகையில்தான் பயனும் நஷ்டமும் இருக்கின்றன. பலர் அரிவாளால் இடுப்பளவில் வெட்டிவிட்டு, காய்ந்தபின் நெருப்பு வைக்கின்றனர். வெட்டிய அடியிலிருந்து ஒன்றுக்குப் பத்தாய்க் கிளை எழும். நெருப்பால் புல்லும் இளமரங்களும் அழிய, உண்ணிச்செடிக்குப் போட்டியில்லாமற் போகும். மருந்து தெளிப்பது மலைச்சரிவில் உகந்ததன்று. இம்மலை நீர் ஐயாற்றில் சேர்ந்து ஆகாயகங்கை அருவியாய் இறங்கிக் கீழ்நாட்டாருக்கும் குடிநீராகிறது என்பதை மறக்கலாகாது.

டெல்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் வகுத்த ஒரு முறை பல காடுகளில் பயன் தந்திருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு நல்ல கொத்து மட்டுமே. முறை வருமாறு:

1. கோடைமழை பெய்து மண் நெகிழ்ந்த சித்திரை, வைகாசியில் வேலையைத் தொடங்கவேண்டும். பழம் கறுத்து நிற்கும் புதரை இயன்றவரை தவிர்த்து, பூவும் பிஞ்சுமாய் உள்ளதை முதலில் எடுக்கவேண்டும்.

2. அடித்தண்டைச் சுற்றிலும் மண்ணை ஒதுக்கி, தரைமட்டத்திற்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே, தண்டு வேராக மாறுமிடத்திற்குச் சற்றுத் தாழ ஆணிவேரைத் துண்டிக்கவேண்டும். அதற்குக் கீழுள்ள வேர் மீண்டும் தழைக்காது. நிலத்தை ஆழமாய்த் தோண்டவேண்டியதில்லையாதலால் சரிவில் மண் அரிக்காது, கூலியும் குறையும்.

3. வெட்டிய செடியைத் தலைகீழாய் நிறுத்தி, வேர்முனை மேலே இருக்கும்படி காயவிடவேண்டும். மண்ணில் கிடக்க விட்டால் மழையில் திரும்ப வேரூன்றும்.

4. பழமுள்ள கிளைகளை வேறிடத்திற்கு இழுத்துச் செல்லலாகாது. அங்கேயே ஒரு மூலையில் குவித்து, முளைப்பவற்றை அவ்விடத்திலேயே பிடுங்கவேண்டும்.

5. கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்று மரத்தில் அமர்ந்து விதையை எச்சமிடும். ஆகவே கொல்லையிலுள்ள ஒவ்வொரு மரத்தின் அடியையும் மழைக்குப்பின் பார்த்து நாற்றுகளைக் கையால் பிடுங்குதல் வேண்டும். மூன்றாண்டு இவ்வாறு செய்தாலன்றி வேலை முடிந்ததாகாது.

கால்நடை விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை அவசியம். வெட்டும் நாளில் பசியோடு வரும் மாடுகள் இவ்விலையைத் தின்றால் ஈரல் கெட்டு, காமாலை கண்டு, வெயில் படுமிடத்தில் தோல் வெடிக்கும். அவ்விதம் கண்ட மாட்டை நிழலில் கட்டி, தண்ணீர் கொடுத்து, உடனே கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். வேலை நடக்குமிடத்தில் மாடு கட்டாதிருத்தலே எல்லாவற்றினும் நல்லது.

வெட்டிய நிலத்தை நிரப்புதல்

மேற்சொன்ன வேலையில் பாதிதான் வெட்டுதல். மறுபாதி நிரப்புதல். உண்ணிச்செடி அகன்ற நிலம் ஒரு பருவம் வெறுமையாய்க் கிடந்தால், மண்ணில் காத்திருக்கும் விதைகளும் குருவி கொணரும் விதைகளும் முளைத்து, கொடுத்த கூலி முழுதும் வீணாகும். ஆகவே முதல் விதி, அவ்வாண்டில் விதைக்கக்கூடிய அளவை மட்டும் வெட்டுதல். ஐந்து ஏக்கரை வெட்டி ஒரு ஏக்கரில் விதைப்பவர், மறு ஆண்டில் ஐந்து ஏக்கரிலும் புதரையே காண்பார். ஒரு ஏக்கரை வெட்டி அந்த ஒரு ஏக்கரையும் மூடுபவர், ஐந்தாண்டில் ஐந்து ஏக்கரையும் மீட்பார்.

பயிருக்கு உகந்த கொல்லையானால், வெட்டிய உடனே கரைகளைச் செப்பனிட்டு, சரிவுக்குக் குறுக்கே உழுது, மழையைக் கண்டு சாமையோ கேழ்வரகோ விதைக்கலாம். நெருக்கமாய் விதைத்த சாமை தரையை விரைவில் மூடும். அதனோடு மொச்சையும் கடுகும் இடையே சேர்க்கும் மலைவழக்கம் இதற்கு மிகப் பொருந்தும். மொச்சைக்கொடி, சாமை அறுத்தபின்னும் நிலத்தை மூடி நிற்கும், மண்ணுக்கும் உரம். இத்தானியங்களின் பழைய வகைகளைக் காப்பதற்கு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களிலிருந்து கொல்லிமலையில் உழைத்து வந்திருக்கின்றனர். கிராம விதைக் களஞ்சியங்களும், சாமையைத் தீட்டும் சிறு இயந்திரங்களும் அம்முயற்சியால் ஏற்பட்டன. முன்பு உரலிலும் உலக்கையிலும் பெண்கள் பட்ட சிரமமே சாமையைக் கைவிட ஒரு பெரிய காரணமாயிருந்ததால், இயந்திரம் உள்ள ஊரில் சாமை மறுபடி விதைப்பது எளிது. உண்ணிச்செடியை ஒழிப்பதும் சாமையை மீட்பதும் ஒரே வேலையின் இரு புறங்கள் என்று கொள்ளலாம்.

பயிருக்கு ஆகாத செங்குத்தான சரிவில் உழுதல் கூடாது. அங்கே மலையில் இயல்பாய் வளரும் புல்லின் விதையைத் தூவி, ஓராண்டு மேய்ச்சலை நிறுத்தி, இடையிடையே பலா, நாவல், நெல்லி, கடுக்காய், மூங்கில் ஆகியவற்றை நடலாம். ஓடை ஓரங்களில் மூங்கில் கரையைக் கட்டும். இம்மரங்கள் நிழல் பரப்பியபின் உண்ணிச்செடி தானே நலியும். ஏனெனில் அதற்கு வெயில் வேண்டும். மிளகும் காப்பியும் வைக்கத்தக்க இடத்தில் நிழல் மரங்களோடு அவற்றை வைப்பது உடனடி வருமானத்திற்கும் வழி.

வெட்டிய செடியின் பயன்

வெட்டிய கம்புகளை வீணாக்க வேண்டியதில்லை. காய்ந்தது நல்ல விறகு. நேரான தண்டுகளை வேகவைத்துத் தோலுரித்தால் பிரம்பைப்போல் வளையும். கர்நாடகத்து மாதேசுவரன் மலையில் சோலிகர் முதலான மலைக்குடிகள் இதனால் கூடைகளும் நாற்காலிகளும் செய்து விற்கப் பயிற்சி பெற்றிருக்கின்றனர். நீலகிரி ஜில்லா கூடலூர்ப் பக்கத்தில் பழங்குடியினர் இக்கம்புகளாலேயே ஆளுயர யானை உருவங்களைச் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பினர். ஆனால் இவ்வருமானத்திற்காக உண்ணிச்செடியைப் பேணி வளர்ப்பது தலைகீழான காரியம். வெட்டும் கூலியில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் துணையாகவே இதைக் கருதவேண்டும்.

கிராமத்தாரும் அதிகாரிகளும் செய்யவேண்டியவை

ஒருவர் தம் கொல்லையைச் சுத்தம் செய்து, அடுத்தவர் கொல்லை புதராயிருந்தால் குருவிக்கு எல்லை தெரியாது. ஆகவே ஒரு ஓடையின் இருபுறமுமுள்ள நிலக்காரர்கள் கூடி, ஓடையின் மேற்பகுதியிலிருந்து கீழ்நோக்கி ஆண்டுக்கு ஒரு பகுதியாய் எடுப்பதே முறை. ஊர்க்கூட்டத்தில் இன்னின்ன சர்வே நம்பர்கள் இவ்வாண்டு என்று முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ளுதல் நலம். கீழ்நாட்டில் வேலைக்குப் போயிருப்போரின் நிலத்தை, அவர் சம்மதத்தோடு வாரத்திற்கோ குத்தகைக்கோ பயிரிடச் செய்தால் அந்நிலம் புதராகாமல் காக்கப்படும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் எழுத நிலத்தைப் பார்வையிடும்போது, தரிசு என்பதோடு அது உண்ணிச்செடி மண்டிய தரிசா, புல் தரிசா என்பதையும் தனியாகக் குறித்துவைத்தால், எந்த ஊரில் எவ்வளவு வேலை உள்ளது என்பது மூன்றாண்டில் தெளிவாகும். புறம்போக்கிலும் மேய்ச்சல் நிலத்திலும் வேலை செய்யப் பஞ்சாயத்தின் தீர்மானம் வேண்டும். காப்புக்காட்டிற்குள் வனத்துறையின் அனுமதியின்றி ஒரு கிளையும் வெட்டலாகாது. தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் அயல்நாட்டுக் களைச்செடிகளை அகற்றிச் சுதேசக் காடுகளை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டிருப்பதால், காட்டோரத்து ஊரார் வனத்துறையாரோடு கூடி வேலை செய்ய இடமுண்டு. அரியூர்ச் சோலை போன்ற பழைய சோலைகளின் விளிம்பில் உண்ணிச்செடியை எடுப்பது, சோலைக்கும் அதிலிருந்து ஊறும் தண்ணீருக்கும் காவல்.

முடிவு

சப்பாத்திக்கள்ளிக்கு ஒரு பூச்சி கிடைத்ததைப்போல் உண்ணிச்செடிக்கும் ஒருநாள் கிடைக்கலாம். அத்தேடலை அதற்குரிய நிபுணர்கள் நடத்தட்டும். நூறாண்டுக்கு மேலாய்த் தேடியும் கிடைக்காத ஒன்றை எதிர்பார்த்து நிலத்தைப் புதருக்கு விட்டுவைப்பது குடியானவருக்கு அழகன்று. கள்ளிக்கும் பூச்சி வந்து தீர்ந்த பின்னர், வெறுமையாய் நின்ற இடத்தை உழுது விதைத்தவரே நிலத்தின் பயனை அடைந்தனர். விதைக்காது விட்ட இடத்தில் வேறு முட்செடி ஏறிற்று. கொல்லிமலைக் குடியானவர் ஒருவர் இவ்வாண்டு சித்திரை மழைக்குத் தம் கொல்லையில் அரை ஏக்கரை மட்டும் எடுத்து, வேரை முறைப்படி துண்டித்து, அம்மழையிலேயே சாமையை விதைத்து, மூன்றாண்டு நாற்றுப் பிடுங்கி வருவாரானால், அந்த அரை ஏக்கர் அவருக்கு நிலைத்த சொத்தாகும். அதைக் கண்டு பக்கத்துக் கொல்லைக்காரரும் கொத்தை எடுப்பார்.